பூச்சிகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஊரைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும்தான்; பூச்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளைகள், அவர்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வரும் அப்பாக்கள், ஒட்டுக்கடையில் பக்கத்து மேசையில் உட்காருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒருமுறை விளக்கியதை மறுபடி விளக்கவில்லை. அதனால் மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

“ஈ கால்ல பசை இருக்கா சார்?”

பசை என்றால் காய்ந்து இறுகிவிட வேண்டும். ஈயின் காலில் இருப்பது அப்படிப்பட்டது இல்லை. எண்ணெயும் நீரும் கலந்த ஒரு திரவம் அதன் பாதத்திலிருந்து மிகக் கொஞ்சமாகக் கசிகிறது. சுத்தமான கண்ணாடித் தகட்டில் ஈயை நடக்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அது போன வழியெல்லாம் நுண்ணிய துளிகள் வரிசையாகக் கிடக்கும். அதுதான் ஈயின் காலடித் தடம்.

அந்தத் திரவம் பாதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவி, இடையிலுள்ள சின்னச் சின்னப் பள்ளங்களை நிரப்புகிறது. படலத்தின் பரப்பு இழுவிசை பாதத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. கால் சறுக்கப் பார்த்தால் திரவத்தின் பாகுத்தன்மையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் திரவத்துக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிடக் கூடாது. பாதத்தின் அடிப்பாகம் மிருதுவாக இருப்பதால்தான் கண்ணாடியோடு அவ்வளவு நெருக்கமாகப் படிய முடிகிறது. படியவில்லை என்றால் திரவம் இருந்தும் பயனில்லை.

“காத்தை உறிஞ்சித்தான் ஒட்டுதுன்னு எங்கப்பா சொன்னாரு. அது தப்பா?”

உங்கள் அப்பா மட்டும் அல்ல, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள். பாதம் உறிஞ்சு கிண்ணமாக வேலை செய்தால், அதை அமுக்கிப் பிடிப்பது வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். காற்றை எடுத்துவிட்டால் பிடி விட்டுப் போக வேண்டும். ஜான் பிளாக்வால் என்ற ஆங்கிலேயர் இதைச் சோதித்து 1830இல் எழுதினார். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவைக்குள்ளும் ஈக்கள் செங்குத்தான சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன.

நிஜமாகவே உறிஞ்சி ஒட்டும் பூச்சிகளும் உண்டு. ஆனால் அவை தண்ணீரில் வாழ்பவை. வேகமாகப் பாயும் மலை ஓடைகளில் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழும் ஒருவகைக் கொசுவினப் புழுவுக்கு வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சு தட்டுகள் இருக்கின்றன. சில நீர்வண்டுகளில் ஆணின் முன்னங்காலில் உறிஞ்சு தட்டு உண்டு; பெண் வண்டின் வழுக்கும் முதுகைப் பிடித்துக்கொள்ள அது உதவுகிறது.

“பூச்சிக்கு நகம் இருக்கே, அது போதாதா?”

சொரசொரப்பான இடத்தில் நகமே போதும். ரப்பர் மரப் பட்டை, செம்பனை மட்டை, சிமெண்டுச் சுவர் எல்லாம் நகத்துக்கு ஏற்ற இடங்கள். கணக்கு எளிது. பரப்பில் இருக்கும் மேடு நகத்தின் நுனியைவிடப் பெரிதாக இருந்தால் நகம் மாட்டிக்கொள்ளும், சிறிதாக இருந்தால் வழுக்கும். கண்ணாடியில் நகம் மாட்ட மேடே இல்லை.

தோட்டத்தில் இதற்கு நல்ல சாட்சி காண்டாமிருக வண்டு. இளம் செம்பனையின் குருத்தைத் துளைத்து நாசம் செய்யும் அந்தக் கறுப்பு வண்டு சட்டையில் ஏறிவிட்டால் பிய்த்து எடுப்பது பெரும்பாடு. அதன் நகமும் காலில் இருக்கும் முட்களும் அவ்வளவு பலம். ஆனால் வழவழப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளப் பாதத்தடியில் மிருதுவான மெத்தை அதற்குக் கிடையாது. தோட்டங்களில் வாசனை மருந்து கட்டித் தொங்கவிடும் வாளிப் பொறி இந்தக் குறையை நம்பித்தான் வேலை செய்கிறது. வாளிக்குள் விழுந்த வண்டு வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே கிடக்கும்.

“அப்போ கண்ணாடியில ஏறுற பூச்சிக்கு எல்லாம் ஒரே மாதிரி பாதமா?”

இல்லை, இரண்டு வகை உண்டு. ஈ, பலவகை வண்டுகள் ஆகியவற்றின் பாதத்தடியில் அடர்த்தியான நுண்முடிகள் இருக்கும். ஒவ்வொரு முடியின் நுனியும் பரப்பைத் தொடும். எறும்பு, தேனீ, கரப்பான், வெட்டுக்கிளி, குச்சிப்பூச்சி ஆகியவற்றுக்கு முடி கிடையாது, வழவழப்பான மிருதுவான மெத்தைதான். இரண்டு வகையிலும் திரவம் கசியும்.

முடி வகையில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குட்டைப் பனை ஓலையில் வாழும் ஒரு சின்ன நீல ஆமை வண்டு. அதன் ஆறு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 60,000 முடிகள். எறும்பு தாக்க வந்தால் எல்லா முடிகளையும் ஓலையில் பதித்து, முதுகு ஓட்டைக் கீழே இறக்கி அப்படியே உட்கார்ந்துவிடும். அதன் எடை 13 மில்லிகிராம் சொச்சம்தான். அதை 0.8 கிராம் எடையால் இரண்டு நிமிடம் இழுத்துப் பார்த்தும் அசையவில்லை. சாதாரணமாக நடக்கும்போது அந்த முடிகளில் கொஞ்சத்தைத்தான் அது பயன்படுத்துகிறது.

“அவ்வளவு கெட்டியா ஒட்டினா காலை எப்படித் தூக்கும்?”

இதுதான் நான் எதிர்பார்க்கும் கேள்வி. கேட்கும் பிள்ளை சரியான பாதையில் யோசிக்கிறது என்று அர்த்தம். ஒட்டுவது பெரிய காரியமே இல்லை. மரத்தில் வடியும் ரப்பர் பால்கூட ஒட்டும். ஒட்டிய காலை மறுகணமே சிரமமில்லாமல் விடுவித்து, திரும்பவும் ஒட்டி, நாள் முழுக்க ஓடுவதுதான் பூச்சியின் சாமர்த்தியம்.

எல்லாம் இழுக்கும் திசையைப் பொறுத்தது. பூச்சி காலைத் தன் உடம்பை நோக்கி இழுக்கும்போது மெத்தை விரிந்து பரப்பில் படிகிறது, பிடி கூடுகிறது. காலை உடம்பைவிட்டு வெளியே தள்ளினால் மெத்தை சுருங்கி, ஓரத்திலிருந்து உரிந்து வந்துவிடுகிறது. செலோடேப்பை நீளவாக்கில் இழுத்தால் அசையாது, ஒரு முனையைத் தூக்கி உரித்தால் சுலபமாக வரும், அதே விஷயம்தான். முடி வகைப் பாதத்தில் முடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அங்கேயும் இதே விதி. ஈ இன்னும் ஒருபடி மேலே போய், பாதத்தை முறுக்கியும் திருப்பியும் எடுக்கும்.

எறும்பிலும் தேனீயிலும் இது பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. நகம் பிடித்துக்கொண்டால் மெத்தை மடிந்தே இருக்கும். நகம் வழுக்கினால் கால் உள்ளே இழுபடும், அந்த இழுப்பே மெத்தையை விரித்துவிடும். சொரசொரப்பில் மெத்தை தேயாமல் பாதுகாக்கவும் இது உதவுகிறது.

“கெரெங்கா செத்த பல்லியைக்கூட மரத்துல இழுத்துக்கிட்டுப் போகுது, எப்படி?”

இலையை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு அது, தமிழில் முசுறு. பழத்தோட்டத்திலும் செம்பனையிலும் அதனிடம் கடி வாங்காதவர் நம் ஊரில் குறைவு. இந்த எறும்பு வழவழப்பான பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடி தன் எடையைப்போல் 100 மடங்குக்கும் மேலான பாரத்தைத் தாங்கும். எறும்பைச் சுழலும் கருவியில் வைத்து, எந்த வேகத்தில் பிடி விடுகிறது என்று படமெடுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கூட்டமாக இரை இழுப்பதற்கும், இரண்டு இலைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நிற்பதற்கும் இவ்வளவு பிடி தேவைதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலி ஜாம் போத்தலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஒரே ஒரு எறும்பை உள்ளே விட்டு மூடுங்கள். வெளியிலிருந்து 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, அதன் பாதத்தை அடியிலிருந்து பாருங்கள். முதலில் இரண்டு கொக்கி நகங்கள் கண்ணாடியைப் பிராண்டும், பிடி கிடைக்காமல் உள்பக்கமாக வழுக்கும். உடனே அந்த இரு நகங்களுக்கு நடுவே வெளுத்த சின்னப் புள்ளி ஒன்று விரிந்து கண்ணாடியில் பதியும். காலைத் தூக்குகிற நேரத்தில் அந்தப் புள்ளி ஓரத்திலிருந்து சுருங்கி நகங்களுக்கு இடையே மறைந்துபோகும். அதுதான் மெத்தை. பார்த்து முடித்ததும் எறும்பைப் பிடித்த மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

“வீட்டுப் பல்லியும் இப்படித்தானே?”

பல்லி பூச்சி இல்லை, அதன் முறையும் வேறு. அதன் பாதத்தில் திரவமே கிடையாது. உலர்ந்த நுண்முடிகள் மட்டும்தான். டோக்கே என்ற பெரிய வகைப் பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியும். ஒரு கிளையின் அகலம் ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டர். அவ்வளவு நுண்ணியவை சுவரை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாக இருக்கும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பே பல்லியைத் தாங்கிவிடுகிறது. கெல்லர் ஆட்டம் என்பவரின் குழு 2000இல் ஒற்றை முடியின் பிடியை அளந்தது. 2002இல் அதற்கு வான்டர்வால்ஸ் ஈர்ப்பே காரணம் என்று காட்டியது. காலை விடுவிக்கும் விதம் மட்டும் பூச்சியைப் போலத்தான், பல்லியும் விரல் நுனியிலிருந்து உரித்தே எடுக்கும்.

“ஈ ஏன் எப்பப் பார்த்தாலும் கையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு?”

பாதத்தைச் சுத்தம் செய்கிறது. தூசி படிந்தால் முடிகள் பரப்பைத் தொட முடியாது. அதோடு, அழுக்கான பாதம் சில அடிகள் நடந்தாலே ஓரளவு சுத்தமாகிவிடுகிறது. சறுக்கலும் கசியும் திரவமும் சேர்ந்து தூசியைத் தரையில் விட்டுவிடுகின்றன. வண்டுகளிலும் குச்சிப்பூச்சிகளிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

“கரப்பான் மேல ஏறும்போது முன்னங்காலும் பின்னங்காலும் ஒரே வேலையா செய்யுது?”

இல்லை. திசை விதியை நினைத்துப் பாருங்கள். சுவரில் ஏறும்போது உடம்புக்கு மேலே இருக்கும் கால்கள் இழுக்கின்றன, கீழே இருக்கும் கால்கள் தள்ளுகின்றன. தள்ளினால் நுனி மெத்தை உரிந்துவிடும் அல்லவா? அதற்காகக் கரப்பானுக்கு ஒரே பாதத்தில் இரண்டு வகை மெத்தைகள் இருக்கின்றன. நுனியில் இருப்பது இழுக்கும்போது பிடிக்கும். பாதத்தின் கணுக்களுக்கு அடியில் இருப்பவை தள்ளும்போது பிடிக்கும்.

குச்சிப்பூச்சியிலும் இதே வேலைப் பிரிவினைதான். நுனி மெத்தை ஒட்டும். கணுக்களுக்கு அடியில் இருக்கும் குதிகால் மெத்தைகள் ஒட்டாது, அழுத்தினால் உராய்வு மட்டும் தரும். நிமிர்ந்து நடக்கும்போது வீணாக ஒட்டிக்கொண்டு சிரமப்பட வேண்டியதில்லை. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதற்காக வளர்க்கப்படும் குச்சிப்பூச்சியின் தாயகம் தமிழ்நாட்டு மலைப்பகுதி என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே ஒரு சந்தோஷம்.

“செம்பனை ஓலையில இருக்கிற புழுவுக்கு எது பிடிமானம்?”

பெரும்பாலான புழுக்களுக்கு வயிற்றடியில் குட்டைக் கால்கள் இருக்கும். அவற்றின் விளிம்பில் நுண்கொக்கிகள் வரிசையாக நிற்கும். வழுக்கும் இலையில் புழு முதலில் பட்டு நூலால் மெல்லிய வலை விரித்து, அந்த வலையில் கொக்கியை மாட்டிக்கொண்டு நகரும். செம்பனையை மொட்டையாக்கும் சாக்குப்புழு தன் கூட்டையும் நூலால்தான் ஓலையில் கட்டுகிறது. பட்டால் சுணைக்கும் பச்சைப் புழு வேறு ஜாதி. அதற்குக் கொக்கிக் கால் இல்லை, மிருதுவான வயிறு முழுவதும் ஓலையில் படிய வழுக்கிக்கொண்டே போகும்.

“மூட்டைப்பூச்சி வழவழப்பான கிண்ணத்துல ஏறாதுன்னு கட்டில் காலுக்கு வாங்கி வச்சேன். ஏறிடுச்சே?”

அந்தக் கிண்ணப் பொறி குளிர்நாட்டு மூட்டைப்பூச்சிக்குச் சரியாக வேலை செய்யும். நம் ஊர் வெப்பத்தில் பரவலாக இருப்பது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி, அது வேறு இனம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து இரண்டு இனங்களையும் ஒப்பிட்டு 2017இல் ஆய்வு வெளியிட்டார்கள். வழவழப்பான பொறியிலிருந்து வெப்பமண்டல இனம் தப்பிவிடுகிறது. அதன் காலில் இருக்கும் திண்டில் ஒட்டுமுடிகள் அதிகம். ஆகவே அந்தக் கிண்ணத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

“மழை பெஞ்சா பிடி விட்டுடுமா?”

இலையில் தண்ணீர் உருண்டு ஓடினால் பெரிய பாதிப்பு இல்லை. தண்ணீர் படலமாகப் பரவி நிற்கும் பரப்புதான் ஆபத்து. பாதத்தின் மெல்லிய திரவப் படலத்துக்குப் பதிலாகத் தடித்த நீர்ப்படலம் நடுவே வந்துவிடும், மெத்தை பரப்பைத் தொடவே முடியாது.

இதை ஆயுதமாக வைத்திருக்கும் செடி நம் நாட்டிலேயே இருக்கிறது. மலாயில் பெரியோக் கெரா என்கிறார்களே, அந்தக் குடுவைச் செடி. போர்னியோவில் வளரும் ஓர் இனத்தை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். குடுவையின் விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்புகள் சாவகாசமாக நடந்து தேன் குடித்துவிட்டுப் போகின்றன. மழையிலோ ஈரக்காற்றிலோ விளிம்பு நனைந்ததும் வந்தவை வழுக்கிக் குடுவைக்குள் விழுகின்றன. இன்னோர் இனம் மழைத்துளியையே பயன்படுத்துகிறது. மூடியின் அடியில் எறும்பு நிற்கும்போது மேலே துளி விழுந்தால், அந்த அதிர்ச்சியில் எறும்பு கீழே தெறிக்கும்.

“டின் விளிம்புல பவுடர் பூசினா எறும்பு ஏறாதுன்னு பாட்டி சொல்றாங்க. நிஜமா?”

நிஜம். பாட்டி சொல்வதைக் கேளுங்கள். பவுடர் துகள் சுவரோடு கெட்டியாக ஒட்டியிருப்பதில்லை. எறும்பு அதன்மேல் மெத்தையைப் பதித்து இழுத்தால் துகள்தான் கையோடு வரும், சுவர் அங்கேயே இருக்கும். மெத்தையிலும் தூள் அப்பிக்கொள்வதால் அடுத்த அடியும் வழுக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பவுடர் பிசுபிசுத்துப்போனால் பலன் குறைந்துவிடும், துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

கோடு போடும் எறும்புச் சாக்பீஸும் இதே வழியில் வேலை செய்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பூச்சிமருந்து கலந்த விஷம். சாப்பாட்டு டின் பக்கத்திலும் சின்னப் பிள்ளைகள் கை படும் இடத்திலும் அதைக் கோடு போடாதீர்கள்.

“மாஹாங் மரத்துத் தண்டு வெள்ளையா பவுடர் பூசின மாதிரி இருக்கே, அதுல மட்டும் எறும்பு எப்படி ஓடுது?”

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். சாலை ஓரத்திலும் வெட்டிய காட்டு ஓரத்திலும் முதலில் முளைக்கும் மரம் மாஹாங். அதில் சில இனங்களின் தண்டில் மெழுகுப் பொடி பூத்திருக்கும். மற்ற எறும்புகளுக்கு அது பவுடர் டின்தான், வழுக்கி விழுந்துவிடும். தண்டின் பொந்துக்குள் குடியிருக்கும் ஒருவகைச் சிற்றெறும்பு மட்டும் அதில் தாராளமாக ஓடும். வெளி எறும்புகள் வர முடியாததால் வீடும் அதற்கே சொந்தம். பதிலுக்கு அது மரத்தைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது.

கேள்வியின் கடினமான பகுதி இனிமேல்தான். மெழுகில் நன்றாக ஓடும் எறும்புக்குப் பிடி மிக அதிகமாக இருக்கும் என்றுதானே தோன்றும்? சுழல் கருவியில் வைத்துப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. மெழுகில் கெட்டிக்கார எறும்புகள் வழவழப்பான பரப்பில் மற்றவற்றைவிடச் சீக்கிரம் பிடி விட்டன. அதாவது மெழுகில் ஓடுவதும் கண்ணாடியில் ஒட்டுவதும் தனித்தனித் திறமைகள். எந்தப் பூச்சிக்குப் பிடி அதிகம் என்று கேட்பவர்களிடம், எந்தப் பரப்பில் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

“மனுசன் ஏன் சுவர்ல ஏற முடியாது? யாரோ ஏறினதா படிச்சேனே?”

உடல் பெரிதாகப் பெரிதாக எடை கூடும் வேகத்துக்குத் தோலின் பரப்பு கூடாது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. அதனால் பெரிய பிராணிக்கு உடம்பில் பெரும்பகுதியே பாதமாக இருக்க வேண்டும். 2016இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, மனிதன் பல்லியைப் போல ஏற வேண்டுமானால் உடல் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒட்டும் மெத்தையாக இருக்க வேண்டும்.

நீங்கள் படித்ததும் உண்மைதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு கைக்கும் ஒட்டு அட்டை பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சுவரில் ஏறினார். அது 2014இல் வெளிவந்தது. ஒரு கைக்கு வெறும் 140 சதுர சென்டிமீட்டர் ஒட்டுப் பரப்புதான். இரண்டும் முரண்படவில்லை. இயற்கைப் பாதம் பெரிதாகும்போது சுமை எல்லா இடத்திலும் சமமாக விழாது, ஒரு மூலை முதலில் உரிந்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த அட்டையில் சுமையைச் சின்னச் சின்ன ஓடுகளுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். இழுப்பையும் சுவரோடு சேர்ந்தாற்போல் கீழ்நோக்கியே வைத்தார்கள். அட்டையை விடுவிக்க, அதன் மேலிருந்த பாரத்தை எடுத்தாலே போதுமாக இருந்தது.